பழைய போர்டு, புது ப்ராசஸர்

பழைய டெஸ்க்டாப்பைத் தேற்றுவதா, புதிதாக அசெம்பிள் செய்வதா? இந்தக் கேள்விக்கு மதர்போர்டிடம்தான் பதில் இருக்கிறது. ப்ராசஸர் எதுவரை வளரலாம், எந்த ரேம் பொருந்தும் என்பதெல்லாம் அதன் சாக்கெட்டும் சிப்செட்டும் வகுக்கிற எல்லைக்குள்தான்.

அந்த எல்லையை ஏஎம்டியின் ஏஎம்4 போல இவ்வளவு தாராளமாக வகுத்த இன்னொரு சாக்கெட்டை நான் பார்த்ததில்லை. 2017 மார்ச்சில் முதல் ரைசன் ப்ராசஸர்கள் இதில் வந்தன. அதே ஆண்டு இன்டெல்லின் எட்டாம் தலைமுறை, பழைய எல்ஜிஏ 1151 அளவிலேயே வந்தும், முந்தைய போர்டுகளில் ஓடவில்லை. ஏஎம்4 கதை வேறு. 2020இல் ரைசன் 5000 வரவிருந்தபோது பழைய போர்டுகளுக்கு இடமில்லை என்றுதான் ஏஎம்டி முதலில் சொன்னது. வாங்கியவர்கள் விடவில்லை. முதலில் 400 வரிசை போர்டுகளுக்கு வழி பிறந்தது. 2022இல் அதைவிடப் பழைய 300 வரிசைக்கும் அதற்கான பயாஸ் வந்தது.

அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, பொறியியலின் அழகான வேலைகளில் ஒன்று. 32 எம்பி எல்3 கேஷ் கொண்ட சிலிக்கானின் மேல் இன்னொரு 64 எம்பியை அடுக்கியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே சாலிடர் கிடையாது. செம்போடு செம்பு நேராகச் சேர்கிறது. அடிக்கடி தேவைப்படும் தரவு பக்கத்திலேயே இருப்பதால் ரேமுக்குப் போய்வரும் காத்திருப்பு குறைகிறது. டிடிஆர்4 ரேமை மாற்றாமலே, 2017இல் வாங்கிய பல போர்டுகளில் இந்த ப்ராசஸர் ஓடுகிறது. முதல் தலைமுறை ரைசனை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ப்ராசஸரை மாற்றினால் அந்தக் கதவும் திறக்கிறது.

மாற்றுவதற்கும் கைப்பக்குவம் வேண்டும். பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். நடுவில் கரண்ட் போகக்கூடாது. ஏஎம்4இல் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கின்றன. கூலரை நேராக இழுத்தால், காய்ந்த தெர்மல் பேஸ்ட் ப்ராசஸரையும் சேர்த்துப் பிடுங்கிவிடும், பின்கள் வளையும். சிஸ்டத்தைச் சற்று நேரம் ஓட்டிச் சூடேற்றி, நிறுத்தி, கூலரை இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பிக் கழற்றுவதே முறை.

எல்லாப் போர்டுக்கும் இந்த யோகம் இல்லை. 2015இன் இன்டெல் ஸ்கைலேக் போர்டில் நான்கு கோர்களுக்கு மேல் போக அதிகாரபூர்வ வழியில்லை. அதன் ப்ராசஸர்களையும் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் பொதுவாக முடிந்துவிட்டது. இங்கே போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றையும் மாற்றுவதே நியாயம். ஏஎம்5க்குப் போனால் டிடிஆர்5 ரேம் மட்டுமே பொருந்தும். ஆனாலும் ஏடிஎக்ஸ் அளவு 1995இலிருந்து நிலைத்திருப்பதால் கேபினட்டைத் தூக்கிப்போட வேண்டாம். நல்ல எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டும் புது சிஸ்டத்துக்கு வந்துவிடலாம்.

பணத்தை எடுப்பதற்கு முன் போர்டின் மாடல் பெயரைப் பாருங்கள். தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அது ஏற்கும் ப்ராசஸர்களின் பட்டியல் இருக்கும். உங்களுடையதைவிட இரண்டு தலைமுறையாவது புதியது அதில் இருந்தால் தேற்றுங்கள். இல்லையென்றால் தயங்காமல் புதிதாகக் கட்டுங்கள். அப்போதும், அடுத்த தலைமுறைக்கு இடம் தரும் சாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.