விண்ணப்பமும் ஒப்பந்தமும்: ஈழத்தமிழர் நாவல்கள் இரண்டில் தேசமும் சிறுபான்மை அடையாளமும்

தேசத்தைக் கற்பிதச் சமூகமாக விளக்கிய பெனடிக்ட் ஆண்டர்சன் (1983), அக்கற்பிதத்துக்குத் துணைநின்ற வடிவங்களாக நாளிதழையும் நாவலையும் சுட்டினார். ஒருவரையொருவர் அறியாத மக்கள் ஒரே காலத்தில் ஒன்றாக வாழ்வதாக உணர அவை வழிசெய்தன. சிறுபான்மையினரோ தேசத்தைப் பெரும்பாலும் வேறு தாள்களில் எதிர்கொள்கின்றனர். ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001), வெலிங்டனில் வாழும் பிரணவன் ஞானலிங்கம் ஆங்கிலத்தில் எழுதிய ‘சொடன் டவுன்ஸ்ட்ரீம்’ (2017) ஆகிய இரு நாவல்களின் வழி இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

‘கொரில்லா’ பிரான்சில் அகதித் தகுதி கோரும் விண்ணப்பத்தின் வடிவில் தொடங்குகிறது. இலங்கையின் 1956ஆம் ஆண்டுத் தனிச்சிங்களச் சட்டம் தமிழரின் மொழியை அரசுக்குப் புறத்தே நிறுத்தியது. அவ்வொடுக்குமுறையின் தொடர்ச்சியில் இயக்கத்தில் சேரும் இளைஞன், பின்னர் அவ்வியக்கத்தாலேயே தண்டிக்கப்படுகிறான். சிறுபான்மைத் தேசியமும் தனக்குள் ஒரு சிறுபான்மையை உருவாக்குகிறது என்பதே நாவல் உணர்த்தும் கசப்பான உண்மை. விண்ணப்பம் ஏற்கும் துயரத்தின் அளவுக்குள் இவ்வுண்மை அடங்குவதில்லை. எனவே நாவல் விண்ணப்ப வடிவத்தை மீறிச் செல்கிறது.

‘சொடன் டவுன்ஸ்ட்ரீம்’ நாவலின் சீதா புகலிடம் பெற்றவள், துப்புரவுத் தொழிலாளி. பெரும்புயலால் போக்குவரத்து நின்றுவிட்ட நாளிலும் வேலையை இழக்காதிருக்க, ஹட் பள்ளத்தாக்கிலிருந்து வெலிங்டனுக்குப் போய்ச்சேர அவள் புறப்படுகிறாள். போரின் நினைவுகள் அவளுடன் வருகின்றன. நிச்சயமற்ற வேலை ஒப்பந்தமே இங்குத் தேசத்தின் முகம். இலங்கையில் விசுவாசத்துக்கும், பிரான்சில் துயரத்துக்கும் சான்று கேட்கப்பட்டது. இங்கோ பயன்பாட்டுக்குக் கேட்கப்படுகிறது. வழியில் அவளுக்கு உதவுவோரும் பெரும்பாலும் விளிம்பில் வாழ்வோரே. ஆகவே இந்நாவலில் உறவு இனத்தின்வழி அமையவில்லை. பொதுவான நிராதரவின்வழி அமைகிறது.

இவ்வாசிப்புக்கு நியூசிலாந்துப் பின்புலமும் இன்றியமையாதது. இந்நாட்டின் அடித்தளமான 1840ஆம் ஆண்டு வைத்தாங்கி ஒப்பந்தத்தின் மாவோரி, ஆங்கிலப் பிரதிகள் ஆட்சியுரிமை குறித்து ஒத்த பொருள் தருவதில்லை. புகலிடம் தரும் அரசே மண்ணின் மக்களுக்குப் பதில்சொல்லவேண்டிய நிலையில் உள்ளது. ஈழத்தில் நிலவுரிமை மறுக்கப்பட்ட தமிழர், இங்குப் பிறரது நிலத்தில் குடியேறியோர் ஆகின்றனர். இவ்விரட்டை நிலையைச் ‘சிறுபான்மை’ என்னும் ஒற்றைச் சொல் மறைத்துவிடுகிறது.

சீதாவின் அகவுலகம் ஆங்கிலத்தில் மட்டுமே வாசகரை வந்தடைகிறது, இது இழப்பே. ஆயினும் இதனைக் காரணமாக்கி இத்தகைய படைப்புகளைப் புலம்பெயர் தமிழிலக்கிய வரலாற்றுக்கு வெளியே நிறுத்துவது பொருந்தாது. 2018இல் ஓக்கம் நியூசிலாந்து நூல் விருதின் புனைகதை இறுதிப் பட்டியலில் இந்நாவல் இடம்பெற்றது. ஆக்லாந்திலும் பிற நகரங்களிலும் ஆங்கிலத்தில் எழுத முற்படும் தமிழ் இளையோரிடம் மொழித் தூய்மைக்கான சான்றை நாம் கேட்போமாயின், இந்நாவல்கள் விமர்சிக்கும் அதிகாரத்தின் குரலிலேயே நாமும் பேசியவர்களாவோம். இரு மொழி நாவல்களையும் ஒரே பாடத்திட்டத்தில் அருகருகே வைத்துப் பயில்வதே தமிழியல் ஆய்வு இன்று செய்யத்தக்கது.