பின்னணி இசையும் நம் செவியும்

படக்காட்சி பார்த்து வெளிவரும் தமிழர் பத்துப் பேரை நிறுத்தி, "படத்தில் இசை எவ்வாறு?" என்று வினவினால், ஒன்பது பேர் பாட்டுகளைப் பற்றியே விடை கூறுவர். எப்பாட்டு இனிது, அதைப் பாடியவர் யார், அதற்கு நடித்தவர் யார் என்பனவெல்லாம் அவர்க்கு மனப்பாடம். ஆயின், பாட்டு ஓய்ந்த பின்னரும் காட்சிதோறும் தம் செவியில் விழுந்துகொண்டே இருந்த இசை எத்தகையது, அது தம்மை எவ்விடத்தில் கலங்கச் செய்தது, எவர்மீது இரக்கமும் எவர்மீது இகழ்ச்சியும் கொள்ளச் செய்தது என்பவற்றை அவர் எண்ணிப் பார்த்தவரல்லர். ஆட்டுவிக்கும் கை எது என்றறியாமலே ஆடும் பாவையின் நிலை இது. பகுத்தறிவைப் பேசும் நாம் இந்நிலையைக் கண்டும் காணாதிருத்தல் தகாது. ஆதலின், பின்னணி இசை என்னும் இப்பொருளைப் பற்றியும், நாம் பெரிதும் மதிக்கும் சில படங்களின் இசையைப் பற்றியும் ஈண்டுச் சில கூறத் துணிந்தோம்.

பாட்டின் ஆட்சி

நம்மவர் செவி பாட்டிலேயே தங்கிவிட்டதற்குக் காரணம் உண்டு. தமிழ்ப் பேசும்படம் நாடக மேடையின் பிள்ளை. 1931-இல் வெளிவந்த முதற் பேசும்படமாகிய 'காளிதா'ஸில் ஏறத்தாழ ஐம்பது பாட்டுகள் இருந்தன என்பர். குரல் உள்ளவனே கதாநாயகனானான். நடிப்பு அரைகுறையாயினும் உச்சத்தில் நின்று ஒரு வரியை நீட்டினால் கொட்டகை அதிர்ந்தது. 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது பாகவதர் குரலால் அன்றி வேறெதனால்? பாபநாசம் சிவன், ஜி. இராமநாதன் போன்ற வல்லுநர் அக்காலத்தில் ஆக்கித் தந்த மெட்டுகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், அதே காலத்தில் இந்திப் படத்து மெட்டை அப்படியே எடுத்துத் தமிழ்ச் சொற்களைத் திணித்துக் கடைவிரித்தோரும் பலர். காட்சிக்கென அமைந்த இசையோ, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தை நிரப்பும் மண்ணாகவே கருதப்பட்டது.

1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியது. தமிழன் தன் மொழியில் பாடக் கேட்க வேண்டும் என்னும் அவ்வியக்கம் நேர்மையானது, வெற்றியும் கண்டது. எனினும், அதுவும் பாட்டின் மொழியைப் பற்றிய போராட்டமே. சொல்லில்லாத இசை நமக்கு என்ன சொல்லுகிறது என்னும் வினா எழுப்பப்படாமலே நின்றது.

பாட்டை நீக்கிய துணிவு

அவ்வினாவை எழுப்பியவருள் முதலில் வைத்து எண்ணத் தக்கவர் வீணை வல்லுநர் எஸ். பாலசந்தர். 1954-இல் ஏ. வி. எம். நிறுவனத்துக்காக அவர் இயக்கிய 'அந்த நாள்' என்னும் படத்தில் ஒரு பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. ஜப்பானியர் சென்னைமீது குண்டு வீசிய 1943-ஆம் ஆண்டைக் களமாகக் கொண்டு, சுட்டுக் கொல்லப்பட்ட ரேடியோ என்ஜினீயர் ஒருவனைப் பற்றிப் பலர் பலவாறு உரைக்கும் கதை அது. இயக்கியவர் சங்கீதம் அறியாதவராயின், பாட்டு அமைக்க வகையின்றி விட்டார் எனலாம். வீணையை விரல்நுனியில் வைத்திருந்தவரே பாட்டை வேண்டாமென்றார்! எவன் கொன்றான் என்று நெஞ்சு துடிக்கும் வேளையில் ஒருத்தி பூங்காவில் நின்று பாடத் தொடங்கினால் ஐயம் கலையும், கதை சாகும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். படத்துக்குப் பாராட்டு வந்தது, வசூல் வரவில்லை. இழப்பு யாருடையது? படம் எடுத்தவருடையது மட்டுமன்று. பாட்டில்லாப் படத்தைக் கேட்கப் பழகாத நம் செவியினுடையதுமாம்.

அழுகுரல் கேளாத அழுகை

அதற்கு மறு ஆண்டு, 1955-இல், வங்காளத்தில் சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்தது. சித்தார் மேதை ரவிசங்கர் அதன் இசையை ஏறத்தாழ பதினொரு மணி நேரத்தில், ஒரே அமர்வில் இசைத்து முடித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அப்படத்தில் ஓரிடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிழைப்புத் தேடிச் சென்ற தந்தை நெடுநாள் கழித்து வீடு திரும்புகிறான். மகள் இறந்ததை அறியான். அவளுக்கென வாங்கிவந்த சேலையை மகிழ்வோடு எடுத்து மனைவியிடம் நீட்டுகிறான். அதுவரை அடக்கியிருந்த துயரம் உடைந்து தாய் கதறுகிறாள். அவள் வாய் திறந்திருக்கிறது. குரல் நமக்குக் கேட்கவில்லை. அக்குரலுக்குப் பதிலாகத் தார்-ஷெனாய் என்னும் வில்லிசைக் கருவி உச்சத்தில் வீறிடுகிறது.

நம் படங்களில் தாய் மார்பில் அடித்துக்கொண்டு அழுவதும், அவ்வழுகைக்கு மேலும் பத்து வயலின்கள் சேர்ந்து அழுவதும் நாம் காணாதனவல்ல. அங்கே இசை அழுகையை இரட்டிப்பாக்குகிறது. இங்கே இசை அழுகையாகவே ஆகிறது. முன்னது கண்ணீரைப் பிடுங்குவது; பின்னது கண்ணீருக்குக் காரணமான துயரைக் காட்டுவது. வறியவர் துயரைக் காட்சிப் பொருளாக்காமல் மதிப்போடு நடத்திய இசை என்பதாலேயே நாம் இதனை முதல் வரிசையில் வைக்கிறோம்.

நம் மண்ணில் பிறந்த இசை

இனி, நமக்கு அணித்தான ஒன்று. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் ஷா நிறுவனத்தார் எடுத்த மலாய்ப் படங்களை இயக்கியோருள் இந்தியர் பலர். பினாங்கில் பிறந்த பி. ரம்லீயை 1950-இல் 'பக்தி' என்னும் படத்தில் கதாநாயகனாக்கியவர் தமிழரான எல். கிருஷ்ணன். வங்காளியரான பாணி மஜும்தார் இயக்கிய 'ஹங் துவா' 1956-இல் வந்தது. மலாக்கா வீரனாக அதில் நடித்த ரம்லீயே அதன் இசையையும் அமைத்தார். அவ்வாண்டு ஹாங்காங்கில் நடந்த ஆசியப் படவிழாவில் சிறந்த இசைக்கான பரிசு அப்படத்துக்குக் கிட்டியது.

இதை ஏன் கூறுகிறோம்? தமிழரும் வங்காளியரும் மலாய்க்காரரும் கூடிய கூடத்தில், இந்நாட்டு மண்ணின் மைந்தன் ஒருவன், இந்நாட்டுக் கதைக்கு, இந்நாட்டு இசையை அமைத்து அயல்நாட்டார் மெச்சப் பெயர் பெற்றான். அதே நாட்டில் தலைமுறை தலைமுறையாக வாழும் நாமோ, இசை என்றால் சென்னையிலிருந்து கப்பலேறி வருவது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். கேட்பவனாகவே இருந்துவிட்டவன் படைப்பவனாவது எளிதன்று.

வாதாடும் மெட்டு

தமிழ்ப் படத்தில் பின்னணி இசைக்குத் தனி மதிப்பைத் தேடித் தந்தவர் இளையராஜா என்பதை மறுப்பார் இலர். 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்து, தமையனார் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று பாடி, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயின்று, 1976-இல் 'அன்னக்கிளி'யில் அறிமுகமானவர் அவர். வயற்காட்டுப் பாட்டையும் மேனாட்டு இசைக்குழுவையும் ஒரே பந்தியில் அமர்த்தியது அவர் செய்த சீர்திருத்தம்.

மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' (1987) படத்தில் தாலாட்டுப் போன்ற மெட்டு ஒன்று உண்டு. தந்தையைப் பறிகொடுத்துப் பம்பாய்க்கு ஓடிவந்த சிறுவனைப் பற்றிக்கொள்ளும் அம்மெட்டு, அவன் வளர்ந்து ஊரே அஞ்சும் தலைவனான பின்னரும் திரும்பத் திரும்ப வருகிறது. இறுதி வரையில் அவனை விடுவதில்லை. எத்தனை பெரியவனாயினும் அவன் உள்ளே இருப்பவன் ஆதரவற்ற அச்சிறுவனே என்று அது நமக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. வசனத்தால் இயலாததை ஒரு மெட்டு செய்தது. கலை என்ற வகையில் இதற்கு நிகரானவை சிலவே.

நிற்க. அம்மெட்டு இன்னொரு வேலையையும் செய்கிறது. சட்டத்தைத் தன் கையில் எடுத்துக் கொலையும் கடத்தலும் செய்தவனுக்காக அது நம்மிடம் வாதாடுகிறது. வழக்கறிஞர் பேசினால் எதிர்வாதம் செய்வோம். இசை பேசினால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். அதற்காக இசையைக் குறைகூறுவதா? அன்று. வாதம் நடைபெறுகிறது என்பதைக் கேட்பவன் அறிந்திருத்தல் வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது.

பறைக்கு இழைத்த தீங்கு

இரக்கத்தை ஊட்ட வல்ல இசை இகழ்ச்சியையும் ஊட்ட வல்லது. நம் படங்களில் பறை எப்போது ஒலித்து வந்தது? பெரும்பாலும் பிணம் போகையில். இல்லையேல் குடித்தவன் தெருவில் ஆடுகையில். நாதசுரம் திருமணத்துக்கு, வீணை குலமகளுக்கு, பறை சாவுக்கு என்று ஒரு வருணாசிரமத்தையே கருவிகளுக்குள் வகுத்துவிட்டனர். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைத்தது. குறிஞ்சிக்கும் அது உண்டு. மருதத்துக்கும் அது உண்டு. அத்தகைய கருவியை இழிவென்றது கருவியின் குற்றமா? அதை அடித்த கையைத் தீண்ட மறுத்தவர் குற்றமே.

கடல் கடந்து வந்த நம்மவருள் சிலர் மூட்டை முடிச்சோடு சாதியையும் இறக்குமதி செய்தனர். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படங்கள் அச்சாதிக்குத் தாளம் போட்டன. பறையொலி கேட்டதும் முகஞ்சுளிக்கப் பழகிய பிள்ளை, பறையடிப்பவனைக் கண்டும் முகஞ்சுளித்ததில் வியப்பென்ன?

2016-இல் பாலா இயக்கத்தில் வந்த 'தாரை தப்பட்டை' கரகாட்டக் குழுவினரின் வாழ்வைச் சொல்லும் படம். அதன் கதை நமக்கு உடன்பாடன்று. பெண்ணுக்கு நேரும் கொடுமைகளைக் காட்டுவதில் அது அளவு கடந்தது. ஆயினும் இளையராஜாவின் இசை, கதை தர மறுத்த மதிப்பை அம்மக்களுக்குத் தந்தது. அங்கே தோற்கருவிகள் சாவுக்கு அடையாளமாக வரவில்லை; உழைத்துக் கற்ற கலையாக, முன்வரிசையில் வந்தன. பின்னணி இசைக்கான இந்திய அரசின் தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. படத்தை மறந்தாலும் அவ்விசையை நாம் மறப்பதற்கில்லை.

ஒரு மறுப்பும் விடையும்

"நாள் முழுதும் பாடுபட்டவன் இரண்டு மணிப்பொழுது களைப்பாறப் போகிறான், அவனிடம் ஆராய்ச்சியை ஏன் ஏவுகிறீர்?" என்று சிலர் கேட்கலாம். களைப்பாறுவதை நாம் தடுக்கவில்லை. உழைப்பாளி சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போதும் சொத்தையைத் திருப்பிப் பார்த்தே வாங்குகிறான். காசு கொடுத்துத் தன் நெஞ்சையும் கொடுக்கும் இடத்தில் அவ்விழிப்பு வேண்டாமென்பது அவனை இழிவுபடுத்துவதாகும். தோட்டத்தானுக்குப் பாட்டுப் போதும், இசை எதற்கு என்பார் வாதமும், அவன் பிள்ளைக்குக் கையெழுத்துப் போதும், கல்வி எதற்கு என்ற பழைய வாதமும் உடன்பிறந்தவை.

ஆதலின், வாசக அன்பர்கள் அடுத்த படத்துக்குச் செல்லும்போது மூன்று வினாக்களை உடன்கொண்டு செல்வாராக. இவ்விசை காட்சியில் இல்லாத எதையேனும் சொல்லுகிறதா, அன்றி இருப்பதையே உரக்கச் சொல்லுகிறதா? எவருக்காக அது வாதாடுகிறது? எவரை அது இழிவு செய்கிறது? இவற்றைப் பிள்ளைகளிடமும் கேட்டுப் பழக்குதல் நன்று. படம் முடிந்ததும் எழுந்தோடாமல், இசையமைத்தவர் பெயரோடு கருவி இசைத்தவர் பெயர்களும் திரையில் வருகின்றனவா என்றும் பார்த்தல் வேண்டும். உழைத்தவன் பெயர் எழுதப்பட வேண்டும் என்பது நம் கொள்கையாயின், அது இசைக்கூடத்துக்கும் பொருந்தும்.

கேட்கத் தெரிந்த கூட்டம் உள்ள இடத்திலேதான் இசைக்கத் தெரிந்தவன் தோன்றுவான். நம்மிடையே அவன் தோன்ற வேண்டுமாயின், முதலில் திருந்த வேண்டியது நம் செவியே.