புள்ளலூர்: பார்வையும் மையமும்

ஆவடியிலிருந்து கட்டடக்கலை மாணவர் ஒருவர் சுருட்டிய வரைபடங்களோடு வீட்டுக்கு வந்திருந்தார். இறுதியாண்டுத் திட்டம். காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில், 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் அழித்த இடத்தில், ஒரு 'பார்வையாளர் மையம்'. உழைப்பு தெரிந்தது. வாசலில் ஆவடித் தொழிற்சாலையில் உருவான பழைய விஜயந்தா டாங்கி ஒன்று. நடுவில் உயரமான கோபுரம். "மேல ஏறினா மொத்தக் களத்தையும் ஒரே பார்வையில பாத்துடலாம் சார்" என்றார். எனக்குச் சிக்கலே அந்த 'ஒரே பார்வை'தான்.

அன்றைக்கு அந்தக் களத்தை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. குண்டூரிலிருந்து வந்த பெய்லியை, இன்று நம் பூண்டி ஏரிக்கு வந்து சேரும் அதே கொசஸ்தலையாறு வெள்ளமெடுத்துப் பல நாள் கரையிலேயே நிறுத்திவிட்டது. செப்டம்பர் 6-இல் பேரம்பாக்கத்தில் திப்பு தாக்கினார். ஹெக்டர் மன்றோ (கவர்னரான தாமஸ் மன்றோ வேறு ஆள்) காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்தும் நகரவில்லை. கோயிலில் சேர்த்து வைத்திருந்த தானியம் பறிபோய்விடும் என்ற பயம். பிளெட்சர் தலைமையில் சுமார் ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். 9-ஆம் தேதி இரவு கிளம்பிய பெய்லியின் படை நடுவழியில் தங்கிவிட்டது. விடிந்தபின் வளைத்துக்கொண்டார்கள், ராக்கெட்டுகள் பாய்ந்தன, வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. மன்றோவுக்குக் கிடைத்தது சத்தம், புகை, தப்பி வந்த காயம்பட்ட சிப்பாய்கள், அவ்வளவுதான். கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். பார்க்க முடியாமையால் தீர்மானிக்கப்பட்ட ஒரு போரைக் கோபுரத்திலிருந்து காட்டுவது, பிற்பாடு வரலாறு எழுதுகிறவனுக்கு மட்டுமே வாய்க்கிற ஒரு தன்னிலையைச் சுற்றுலாப் பயணிக்குத் தூக்கிக் கொடுப்பதாகும்.

இந்தப் பார்வை ஏற்கெனவே தீட்டப்பட்டதுதான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784-இல் திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவர் முழுக்கப் புள்ளலூர். பல்லக்கில் விரலைக் கடித்தபடி பெய்லி, வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, எல்லாம் ஒரே சட்டகத்துக்குள். வென்றவரின் பிரதி. தோற்றவரின் பிரதி என்று புள்ளலூர் வயலில் நிற்கும் இரண்டு தூண்களைச் சொல்லலாமா? அங்கேதான் வேடிக்கை. அவை 1781 ஆகஸ்ட் 27-இல் அயர் கூட் அதே இடத்தில் ஹைதரோடு மோதியபோது இறந்த பிரௌன், ஹிஸ்லாப் என்ற இரண்டு அதிகாரிகளுக்கானவை. 1780-இன் தோல்விக்குக் கல் கிடையாது. இன்னும் பின்னால் போனால் காசாக்குடிச் செப்பேடு: மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை அழித்ததாகச் சொல்கிறது, பகைவன் பெயரை மட்டும் விழுங்கிவிடுகிறது. புலிகேசியின் அய்ஹொளெக் கல்வெட்டோ (634) பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்ததாகச் சொல்கிறது.

பெய்லியோடு இருந்த சுமார் 3,800 பேரில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். மாணவர் இவர்களுக்கு 'மாவீரர் சுவர்' ஒன்று எழுப்பியிருக்கிறார். யாருக்காகப் போராடிய வீரர்கள்? சம்பளத்துக்குப் போனவர்கள். வாசலில் விஜயந்தாவை நிறுத்திய கையோடு இவர்கள் இந்திய ராணுவத்தின் முன்னோர்களாகிவிடுகிறார்கள். எதிரே நின்ற ஹைதரின் ஆட்களும் அப்படியே. 'தேசம்' என்கிற பெருங்கதையாடல் இரண்டு தரப்பையும் சேர்த்து விழுங்கி ஏப்பம் விடுகிறது. அந்த வருடம் ஹைதரின் குதிரைப்படை கொளுத்திய கிராமங்களுக்கு வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. சுவருக்குப் பதில் நடுகல் வைக்கலாமே என்று கேட்டார். செங்கம் பக்கத்து நடுகற்கள் மாடு மீட்டுச் செத்தவனைப் பெயர் சொல்லி நிறுத்துகின்றன, அரசனின் ஆட்சியாண்டோடு. பெயரே தெரியாத சிப்பாய்க்கு அந்த வடிவத்தை மட்டும் கடன் வாங்குவது அலங்காரம்.

அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க்கில் ரிச்சர்ட் நியூட்ரா, வடபடை நின்ற வரிசையின்மீதே 1962-இல் ஒரு கட்டடத்தைக் கட்டினார். நவீனத்துவத்தின் பெரிய பெயர்களில் ஒருவர். களத்தைப் பார்க்க வசதியான இடம்தான், ஆனால் பார்க்க வேண்டிய களத்தையே கட்டடம் மறைத்தது. 2008-இல் புதிய மையத்தைத் தள்ளிக் கட்டினார்கள். நியூட்ராவின் கட்டடம் 2013-இல் இடிக்கப்பட்டது.

மையத்தைக் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோங்கள் என்றேன். மன்றோ நின்ற பக்கம், ஒன்றும் தெரியாத பக்கம். பீரங்கிகள் மூழ்கிய குளம், கோயில் தானியம், எரிந்த கிராமங்களின் பட்டியல் எல்லாம் அங்கே இருக்கட்டும். பிறகு வருகிறவர் புள்ளலூர் வரை சாலையில் போகட்டும், கட்டடம் எதுவும் இல்லாத வயலுக்கு. "அங்க போயி பாக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காதே சார்?" ஆமாம் தம்பி, மன்றோவுக்கும் அப்படித்தான் இருந்தது.

ரொம்ப நேரம் பேசினோம். கோபுரத்தை அழித்துவிடச் சம்மதித்தார், மாவீரர் சுவரையும். டாங்கியை விட மட்டும் மனசில்லை. அவருடைய தாத்தா அந்தத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவராம்.