சாவின் கணக்கும் கணக்கில் வராச் சாவும்

போர் ஏன் மூளுகிறது என்று கேட்டால், எல்லாம் தலைவிதி என்று கையை விரிப்பவர் நம்மிடையே இன்னும் பலர். கிரகங்களின்மீது பழி சுமத்துவோரும் உளர். இம்மயக்கத்தை அறுக்க முற்பட்ட அறிஞருள் லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர் தலையாயவர். அவர் வானிலை ஆராய்ச்சியில் வல்லவர். போரை வெறுக்கும் குவேக்கர் நெறியினர். முதல் உலகப் போரிலே ஆயுதம் ஏந்தாது, பிரான்சு நாட்டில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியோட்டியாகத் தொண்டு புரிந்தார். 1953-இல் அவர் மறைந்தபின் 1960-இல் வெளிவந்த ‘கொலைப் பூசல்களின் புள்ளிவிவரம்’ என்னும் நூல் இத்துறைக்கு அடிகோலியது.

அந்நூலின் தனிச்சிறப்பு அதன் அளவுகோல். ஒருவன் ஒருவனைக் கொல்வது பூச்சியம். மாண்டோர் தொகை பத்து மடங்கு பெருகும்தோறும் ஒரு படி உயரும். உலகப் போர் ஏழாம் படி. வீதியில் குத்தினால் கொலை, கொடியேந்திக் குத்தினால் வீரம் என்னும் பொய் அங்கே எடுபடாது. ஒரே மொழி பேசுவோர் தம்முள் போரிடார் என்னும் நம்பிக்கைக்கும் அவர் கணக்கு சான்று பகரவில்லை.

பின்வந்தோர் இப்பணியை ஒழுங்குபடுத்தினர். 1963-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் சிங்கர் தொடங்கிய ஆராய்ச்சி, களத்தில் படையினர் 1,000 பேராவது மடிந்தால்தான் நாடுகளிடைப் போர் என்றது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் ஓராண்டில் 25 சாவு என்று வரம்பிட்டு, பொதுமக்களைக் குறிவைத்துக் கொல்வதற்குத் தனி ஏடும் வைத்தனர். வரம்பின்றி ஒப்பீடு இல்லை. ஆதலின் வரம்பிட்டதைக் குறைகூறோம். அவ்வரம்புக்கு வெளியே நிற்பவர் யார் என்பதே நம் வினா.

1942-43-இல் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்த சயாம்-பர்மா ரயில்பாதையை எண்ணுக. அங்கு மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000-க்கு மேற்பட்டோர். அவருள் பலருக்குப் பெயர் பொறித்த கல்லறை உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற நம் தமிழரோ வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் ஆயிரமாயிரமாய் மடிந்தனர். மாண்ட ஆசியத் தொழிலாளர் 90,000 என மதிப்பிடுவோர் உண்டு; பெயர்ப்பட்டியல் இல்லை. அவர்கள் களத்தில் விழவில்லை. ஆகவே களச்சாவுக் கணக்கில் அவர்களுக்கு இடமில்லை. போரின் நேர்விளைவான பஞ்சத்தாலும் பிணியாலும் மாண்டோரையும் சேர்த்த ரிச்சர்ட்சன், இவ்வகையில் பின்வந்தோரினும் பரந்த நோக்கினர்.

ஆராய்ச்சியாளர் தம் முதற்பக்கத்திலேயே எவரை விலக்கினோம் என்று சொல்லக் கடமைப்பட்டவர். நமக்கும் கடமை உண்டு. ஆண்டுதோறும் திதி கொடுத்து அமைவது போதாது. சயாமுக்குப் போய்த் திரும்பாதவரின் பெயர், தோட்டம், போன ஆண்டு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு குடும்பமும் எழுதி வைத்தல் வேண்டும். எழுதாத பெயரை எந்த அறிஞரும் எண்ண இயலாது.