குயவர் ஒருவர்தானா?

கடவுள் இல்லை என்பவர்கள் கடவுளுக்கான வாதங்களை உடைப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ராமானுஜர் உடைத்ததுதான் ஆச்சரியம்.

பிரம்ம சூத்திரத்தின் மூன்றாவது சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யத்தில் அவர் எழுதிய உரையைச் சொல்கிறேன். எதிரே நியாய மரபினர். பானை இருந்தால் குயவர் இருப்பார்; உலகமும் செய்யப்பட்ட பொருள்; எனவே அதற்கும் ஒரு குயவர் உண்டு, அவரே ஈசுவரன் என்பது அவர்கள் கட்சி. 10ஆம் நூற்றாண்டு உதயனர் கடவுளை நிறுவவே நியாயகுசுமாஞ்சலி என்று ஒரு தனி நூல் எழுதியவர்.

ராமானுஜர் அசரவில்லை. சரி, செய்யப்பட்டதாகவே இருக்கட்டும். பூமியும் கடலும் ஒரே நேரத்தில் ஒரே ஆளால் செய்யப்பட்டன என்பதற்கு என்ன சான்று? எல்லாம் சேர்ந்து ஒற்றைப் பானையா என்ன? அப்புறம், நாம் கண்ட குயவர்கள் எல்லாருக்கும் உடம்பு இருக்கிறதே, உங்கள் ஈசுவரனுக்கு?

எங்கள் சிவகிரியிலிருந்து தென்காசிக்கு பஸ் ஏறுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்தக் கோபுரத்தைக் கட்டியது யார்? 15ஆம் நூற்றாண்டுப் பராக்கிரம பாண்டியன் என்போம். சிதைந்து நின்றதை மறுபடி எழுப்பி 1990இல் குடமுழுக்கு செய்தார்களே, அவர்கள்? நான் வேலை பார்க்கும் மென்பொருளும் இதே கதைதான். எழுதியவர்களில் பாதிப் பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள்.

டேவிட் ஹியூம் இறந்தபின் 1779இல் வெளியான உரையாடல் நூலிலும், கப்பலை உதாரணம் காட்டி, ஏறக்குறைய இதே கேள்வி வருகிறது. ஹியூமை அது சந்தேகத்தில் கொண்டுபோய் விடுகிறது. ராமானுஜரோ நேராக வேதத்துக்குப் போகிறார்: அனுமானத்தால் ஆகாது, சாத்திரமே பிரமாணம்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. குயவரிடம் காட்டிய கெடுபிடியை அவர் வேதத்திடம் காட்டவில்லை. நூல் என்றால் எழுதியவர் இருக்க வேண்டாமா என்று கேட்டால், வேதத்துக்கு ஆசிரியரே கிடையாது என்கிறது அவர் மரபு. குயவர் வாதத்தை உடைக்கும் ராமானுஜரோடு நான் வரிக்கு வரி நடக்க முடிகிறது. அதற்கு அடுத்த அடியில் என்னை வாசலில் நிறுத்திவிட்டு அவர் மட்டும் உள்ளே போய்விடுகிறார்.

மெய்கண்டார் அப்படி நிறுத்துவதில்லை. சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களில் முதலாவதே அனுமானம்தான்: உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது; ஆகவே ஒடுக்குகிறவனே முதல்வன். ஊர்ப் பெயரிலேயே சிவனை வைத்திருப்பவன் அந்தப் பக்கம் சாய வேண்டும்தான். சாயப் போகும்போதெல்லாம் ராமானுஜர் குறுக்கே வந்து கேட்கிறார்: ஒடுக்குகிறவன் ஒருவன்தானா, எப்படித் தெரியும்?