கபாடபுரத்தின் கபாடம்

ஓர் எழுத்தாளர்மீது வாசகன் கொண்ட பற்றே அவரது பிறிதொரு படைப்பினுட் புகுவதற்குத் தடையாதலுண்டு. டோல்கீனின் ‘த லோட் ஒவ் த றிங்ஸ்’ (1954–55) நாவலில் தம்மை மறந்த வாசகர் பலர், அவர் மறைந்தபின் 1977இல் வெளிவந்த ‘த சில்மரில்லியன்’ நூலின் வாயிலிலேயே தயங்கி நின்றனர். தமிழில் நாம் அவ்வாறு தயங்கி நின்றது புதுமைப்பித்தனின் (1906–1948) ‘கபாடபுரம்’ கதையின் முன்னாலாகும்.

முற்போக்கு வாசகராகிய நாம் புதுமைப்பித்தனை ‘பொன்னகரம்’, ‘துன்பக்கேணி’ ஆகியவற்றின் வழியே வந்தடைந்தோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாக வந்தோரின் அவலத்தை எழுதியவர் என்பதால் அவர் நமக்கு நெருங்கியவரானார். அதே எதிர்பார்ப்புடன் ‘கபாடபுர’த்தைக் கையிலெடுத்தபோது சில பக்கங்களுக்கு அப்பாற் செல்ல இயலவில்லை. இருமுறை முயன்று கைவிட்டோம். ‘நழுவல்வாதம்’ என்ற சொல் அப்பொழுது நமக்குக் கைகொடுத்தது.

ஆயின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை நாம் தயக்கமின்றி ஏற்றமை எங்ஙனம்? அதுவும் அதிகற்பனையே. வேறுபாடு இதுதான்: அங்கே கடவுள் சென்னைத் தெருவுக்கு இறங்கிவந்து காப்பி அருந்துகிறார், நாம் நின்ற இடத்தில் நின்றபடியே நகைக்கலாம். ‘கபாடபுர’மோ கடல்கொண்ட நகருக்கு நம்மை வரும்படி கேட்கிறது. முன்னதில் நாம் சுவைத்தது அங்கதத்தையே. கற்பனையை அதன் போக்கிலே பின்தொடர நாம் பழகியிருக்கவில்லை.

இப்பழக்கமின்மை ஏட்டுக் கல்வியினால் விளைந்தது எனலாம். கீரிமுகம் நீங்கிய நகுல முனிவரையும், கீரிமலைத் தீர்த்தமாடிக் குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லியையும் பற்றிய கதையினுட் புக யாழ்ப்பாணத்தவர் எவரும் இடர்ப்பட்டதில்லை. சுண்ணக்கற் படையினூடாக வரும் நிலத்தடி நன்னீரே அங்குக் கடலோரத்தில் ஊறுகின்றது என்பதை அறிந்தவரும் அக்கதையைக் கைவிட்டாரல்லர். உவர்க்கடலின் அருகே நன்னீர்க் கேணி. பிணி நீங்குமென்ற நம்பிக்கை. ஆடி அமாவாசையிற் பிதிர்க்கடன். மக்களின் தேவைகளோடு பிணைந்திருப்பதால் அக்கற்பனை அவர்களுக்கு அந்நியமாகவில்லை.

1990இல் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். முகாம்களிலே பிறந்த பிள்ளைகளுக்குக் கீரிமலை சொல்லக் கேட்கும் ஊராயிற்று. 2009இன் பின்னரும் காணிகள் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. புக முடியாத ஊரொன்றைச் சொல்லினால் காத்துவைத்திருப்பது நழுவலாகாது என்பதை அம்மக்களிடமே நாம் கற்றோம். அதன்பின்னர் ‘கபாடபுர’த்தை மீண்டும் எடுத்தபோது முதன்முறையாக இறுதிவரை படித்தோம்.

இதனால் அதிகற்பனை யாவும் விமரிசனத்துக்கு அப்பாற்பட்டது என்பது நமது கருத்தன்று. இடைச்சங்கம் இருந்த இடமென இறையனார் களவியலுரை கூறும் கபாடபுரத்தை வரலாறாகக் கொண்டு பழம்பெருமை பேசும் போக்கு இன்றும் கண்டிக்கத்தக்கதே. ஆயினும் ஒரு கற்பனையை அது எத்தகைய இழப்பிலிருந்து, யாருடைய தேவையிலிருந்து எழுந்தது எனக் கேளாமலே ஒதுக்குவது முற்போக்கு விமரிசனமாகாது. அக்கேள்வியைக் கேட்பதற்கேனும் நாம் அந்நூலினுட் புகுந்தாக வேண்டும்.