சீறாப்புராணத் தலைமுறைப் படலம்: குலப்பெருமையா, ஒளிவழியா?

முன்னுரை

உமறுப்புலவரின் சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களால் ஆனது. முதற்காண்டத்தில் நாட்டுப் படலம், நகரப் படலம் ஆகியவற்றை அடுத்தும் நபி அவதாரப் படலத்திற்கு முன்னும் தலைமுறைப் படலம் வைக்கப்பட்டுள்ளது. ஆதம் நபியிடம் தொடங்கி அப்துல்லா வரை, நபிகள் நாயகத்தின் முன்னோரை அது நிரல்படக் கூறுகிறது. கம்பராமாயணக் குலமுறை கிளத்து படலத்தின் நிழல் என்று சொல்லி இதனைக் கடந்துவிடுவது எளிது. அவ்வாறு கடந்தால், பிறப்பால் வரும் உயர்வை மறுக்கும் ஒரு சமயத்தின் காப்பியம் பிறப்பு வரிசையைப் பாடித் தன் தலைவரை அறிமுகம் செய்வது ஏன் என்னும் வினா விடையின்றி நின்றுவிடும். அவ்வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

இரு குலமுறைகள்

கம்பனில் விசுவாமித்திரர் சனகனிடம் இராமனின் முன்னோரைப் பற்றிக் கூறுகிறார். அடுத்து வருவது வில்லை முறிக்கும் கார்முகப் படலம். எனவே அங்குக் குலமுறை என்பது பெண்ணின் தந்தைமுன் வைக்கப்படும் தகுதிச் சான்று. முன்னோர் ஈட்டிய புகழ் வழித்தோன்றலை வந்தடைகிறது.

சீறாவிலோ தலைமுறைதோறும் கைமாறுவது அரசன்று, ஒளி. படைப்புக்கு முற்பட்ட முகம்மதிய ஒளி ஆதமிடம் வைக்கப்பட்டு, வழிவழியாக இறங்கி அப்துல்லாவை அடைகிறது. இக்கருத்து உமறுவின் கற்பனையன்று. அப்துல்லாவின் நெற்றியில் ஒளியைக் கண்ட பெண்ணொருத்தி அவரை விரும்பியதும், ஆமினா கருவுற்றபின் அவ்வொளி அவரிடம் காணப்படாமற்போனதும், 8ஆம் நூற்றாண்டினரான இப்னு இஸ்ஹாக்கின் வரலாற்றிலேயே இடம்பெற்றுள்ளன. சூஃபியர் இதனை விரித்துக் கோட்பாடாக்கினர். இக்கோட்பாட்டில் பெருமையின் திசை மாறுகிறது. முன்னோரால் பின்னவர் சிறப்புறுவதில்லை. பின்னே தோன்ற இருப்பவரால் முன்னோர் சிறப்புறுகின்றனர். ஏந்தியவருக்கு ஒளி உடைமையன்று, அடைக்கலப் பொருள்.

வரலாறும் காப்பியமும்

அரபு மரபில் நபிகள் நாயகத்தின் 21ஆம் முன்னோராகிய அத்னான் வரையிலான பெயர்களில் உடன்பாடு உண்டு. அதற்கு மேல் மரபியலாளர் வேறுபடுகின்றனர். கீழ்ப்பகுதியிலுள்ள முன்னோருக்கு மக்காவின் வாழ்வோடு தெளிவான தொடர்பு சொல்லப்படுகிறது. குறைஷியரை ஒன்றுதிரட்டி ஆலோசனை மன்றமாகிய தாருந் நத்வாவை அமைத்தவர் குஸை. யாத்திரிகருக்கு உணவளித்தவர் ஹாஷிம். மூடுண்டு கிடந்த ஜம்ஜம் கிணற்றை மீண்டும் தோண்டியவர் அப்துல் முத்தலிப். மேற்பகுதியோ இறைத்தூதர்களின் உலகம். இவ்விரு பகுதிகளின் இணைப்பிலுள்ள ஐயத்தைக் காப்பியம் பொருட்படுத்துவதில்லை. வரலாற்று நோக்கில் இது குறையே. ஆயினும் வரிசை அறுந்தால் ஒளி தங்க இடமில்லை. ஆகவே இத்தொடர்ச்சி காப்பியத்தின் உட்கோளிலிருந்து பிறப்பது.

அவ்வுட்கோளுக்கும் ஓர் இடர் உண்டு. இப்ராஹீம் நபியின் தந்தையாக ஆஸரைக் குறிப்பிடும் குர்ஆன் (6:74), அவரைச் சிலைவணக்கத்தாராகவே காட்டுகிறது. ஒளி ஏந்திய வரிசையில் அத்தகையவர் இருத்தல் கூடுமோ என்னும் ஐயத்தால், 1505இல் மறைந்த சுயூத்தி போன்ற அறிஞர்கள் ஆஸரைத் தந்தையின் உடன்பிறந்தாராகக் கொண்டு விளக்கினர். குலப்பெருமையை விலக்கிய கோட்பாடு, குலத்தூய்மையைக் கோரும் கோட்பாடாக மாறும் இடம் இது. தலைமுறைப் படலத்தைப் போற்றுவோர் இதனை மறைத்தல் தகாது.

எனினும் அதற்கான மறுப்பும் அக்குடும்பத்துக்குள்ளேயே உள்ளது. அப்துல் முத்தலிபின் மைந்தருள் ஒருவர் அப்துல்லா, மற்றொருவர் அபூலஹப். குர்ஆனின் 111ஆம் அத்தியாயம் அபூலஹபைக் கடிந்துரைக்கிறது. ஒரே தந்தை, ஒரே மனை; ஆயினும் குருதி அவரைக் காக்கவில்லை. இறையச்சமே உயர்வின் அளவுகோல் என்னும் 49:13ஆம் வசனத்திற்கு இதனினும் நெருங்கிய சான்று வேண்டுவதில்லை.

ஆட்சிக்கான வம்சவழி

பிற்கால வரலாற்றில் வம்சவழி அரியணைக்குரிய ஆவணமாயிற்று. நபிகள் நாயகத்தின் சிறிய தந்தை அப்பாஸின் வழியினர் 750இல் கலீஃபாக்களாயினர். 909இல் ஆட்சியை நிறுவிய ஃபாத்திமியர் தம்மை ஃபாத்திமாவின் வழியினர் என்றனர். 1011இல் பாக்தாதில் அப்பாசியக் கலீஃபா அல்காதிர் அவ்வுரிமையை மறுக்கும் அறிக்கையை வெளியிடச் செய்தார். வாளால் தீராத பூசலை வம்ச ஆவணத்தால் தீர்க்க முயன்ற நிகழ்வு அது. தலைமுறைப் படலம் இவ்வகை ஆவணமன்று. அது நபி பிறப்பின் வாயிலில் முடிகிறது; எவரையும் அரியணைக்கு முன்மொழிவதில்லை.

முடிவுரை

தலைமுறைப் படலத்தின் வடிவம் தமிழ்க் காப்பிய மரபுக்குரியது. அதன் பொருள் இஸ்லாமிய ஒளிக்கோட்பாட்டுக்குரியது. வடிவத்தை மட்டும் காண்போர் இதனைப் போலி என்பர். பொருளை மட்டும் காண்போர் அதில் உறையும் தூய்மைக் கோரிக்கையைக் காணத் தவறுவர். இரண்டையும் ஒருங்கே நோக்கும்போது, இப்படலம் வழித்தோன்றல்களுக்கு உரிமை வழங்கும் பட்டயமன்று, ஒருவரின் வருகைக்காகப் பல தலைமுறைகள் காத்திருந்த கதை என்பது புலனாகும். இன்று குடும்பப் பெயரால் சமயத் தலைமை கோருவோர் சான்று தேடி இப்படலத்தை அணுகினால், அவர்களுக்கு அது சான்றாகாது.